பத்துக்கு ஏழு

நேத்து ராத்திரி மறுபடி 'மேட் மேக்ஸ்' போட்டேன். பிஎஸ்4-ல.

2015 செப்டம்பர் 1-ல வந்த கேம். அதே நாள்தான் 'மெட்டல் கியர் சாலிட் 5'-உம் வந்துச்சு. அப்புறம் யாரு இதைத் திரும்பிப் பாப்பாங்க?

குறை இருக்கு, மறைக்கல. ஒரே மாதிரி முகாம், ஒரே மாதிரி அடிதடி. பாதியிலயே அலுத்துடும்.

ஆனா அந்தப் புழுதிப் புயல்!
இடி விழும், இரும்புக் குப்பையெல்லாம் பறந்து வரும்.
கார் அடிபட்டா நம்ம கூடவே வர்ற மெக்கானிக் சம்பக்கெட் ஓடி வந்து சரி பண்ணுவான். துண்டு துண்டா நாமளே சேர்த்த கார். அது மேல அப்படி ஒரு பாசம் வந்துடுது.

அதே வருஷம் வந்த 'தி ஆர்டர்: 1886' பாக்க அவ்ளோ அழகு. ஆனா விளையாட விடாம படம் காட்டிட்டே இருக்கும். அது மேல இன்னும் கோவம்தான்.

சுமார்னு எல்லாரும் ஒதுக்கின கேம்ல உங்க மனசுல நின்னது எது?