காய் லாரி ஏறட்டும், இலை வீட்டுக்கு வரட்டும்

அன்புள்ள திண்டுக்கல் சொந்தங்களுக்கு,

நான் வாழும் லண்டனில் உடல்நலப் பொருள் விற்கும் கடைகளில் நம் முருங்கை இலைக்குத் தனி மரியாதை. பொடியாக டப்பாவில் இருக்கிறது, மாத்திரையாகக் குப்பியில் இருக்கிறது, தேநீர்ப் பையாகவும் இருக்கிறது. விளைந்த நாடு இந்தியா என்று பல டப்பாக்களின் பின்புறம் அச்சிட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர் கடைகளில் காய் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர்களின் கடைகளில் இலையை உறைய வைத்து விற்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் கோழிச்சாறில் இந்த இலையைப் போட்டுக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். பால் கொடுக்கும் மகளுக்கு முருங்கைக்கீரை ஆக்கிப்போட்ட நம் பாட்டிமாருக்கும் அது தெரிந்ததுதான்.

செனகல் நாட்டில் 1990களின் இறுதியில், சத்துக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முருங்கை இலைப் பொடியை உணவில் கலந்து கொடுக்கும் முயற்சி நடந்தது. கியூபாவில் 2012இல் பிடல் காஸ்ட்ரோ முருங்கையைப் பயிரிடச் சொல்லி நாட்டு மக்களுக்கு எழுதினார். இமயமலை அடிவாரத்துக் காடுகளில் தோன்றிய மரம் இன்று வெப்ப நாடுகள் எங்கும் பரவியிருக்கிறது.

இத்தனை நாடுகள் தேடும் இலை நம் வேலியோரம் நிற்கிறது. இருந்தும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் ரத்தசோகை உள்ள குழந்தைகளின் விகிதம் 50.7 சதவீதமாக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கணக்குதான்.

நம் மாவட்டத்துக்கு முருங்கை புதியதல்ல. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண்ணும் வெயிலும் அதற்குப் பிடித்தவை. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். பூக்கும் காலத்தில் அடைமழை பெய்தால் மட்டும் பூ கொட்டிப்போகும். பழைய நாளில் போத்து வெட்டி நட்டு வளர்த்த மரமுருங்கைதான் இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கையை வெளியிட்டது. விதை போட்ட ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம் என்றானதும் மானாவாரிக் காடுகள் முருங்கைத் தோட்டங்களாயின. ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, முருங்கைக்கென்று சிறப்பு ஏற்றுமதி மண்டலத்தை அறிவித்தது. அதில் சேர்ந்த ஏழு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று.

காய்க்கு விலை உண்டு, கொள்முதல் உண்டு, இப்போது ஏற்றுமதித் திட்டமும் உண்டு. வரத்து கூடும் மாதங்களில் விலை விழுந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டுவிடும் துயரமும் உண்டு. இந்த ஏற்ற இறக்கம் எதிலும் சேராமல் தோட்டத்தில் தங்கிவிடுவது இலை. கவாத்து செய்த கிளைகள் வரப்பில் காய்ந்து கிடக்கும், அல்லது ஆட்டுக்குப் போகும். சத்து மிகுந்திருப்பது அந்த இலையில்தான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பச்சை முருங்கை இலையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம், 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், நாலரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு, 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கின்றன. அதே அளவு பசும்பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம்தான். காயிலும் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் நன்றாகவே உண்டு. ஆனால் புரதத்திலும் கால்சியத்திலும் இரும்பிலும் அது இலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பீட்டா கரோட்டின். உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள் அது. ஒரு கைப்பிடிக் கீரை, சிறு பிள்ளையின் அன்றைய வைட்டமின் ஏ தேவையில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும், கண் வறளும், முற்றினால் பார்வை போகும். நம் பக்கத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி அதற்கும் மேலான ஓர் உண்மையை உலகுக்குக் காட்டியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் உழைத்தவர்களும், திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் பள்ளி வயதை எட்டாத பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. அவர்களிடையே சாவு, மற்றப் பாதியைவிட 54 சதவீதம் குறைவாக இருந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி முக்கியமானது: கொடுத்த அளவு பெரிய மருந்தளவு அல்ல, அன்றாட உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு. கீரையை அற்பமாக நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இனி இங்கே டப்பாவில் விற்கும் பொடியைப் பற்றி. பாலைவிடப் பல மடங்கு கால்சியம், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நம் ஊரிலும் அதே வாசகங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகின்றன. பச்சை இலையின் எடையில் முக்கால் பங்கு நீர். அதை உலர்த்தினால் மிச்சமுள்ள சத்து சிறிய எடைக்குள் அடர்ந்து நிற்கும். 100 கிராம் பொடியில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம் இருப்பது மெய்தான். ஆனால் 100 கிராம் பொடியை ஒரு வேளைக்கு யார் தின்பார்கள்? ஒரு தேக்கரண்டி என்பது மூன்று கிராம். அதில் கிடைப்பது 60 மில்லிகிராம், அதாவது அரை டம்ளருக்கும் குறைவான பாலில் உள்ளது. உலர்த்தும்போது வைட்டமின் சியில் பெரும்பகுதி அழிந்தும் விடுகிறது. மரம் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குப் பொடி ஒரு வழி. கைக்கெட்டும் தூரத்தில் பச்சை இலை உள்ளவர்கள் பொடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி முருங்கைக்கீரைத் துவட்டல், பல தேக்கரண்டிப் பொடிக்குச் சமம்.

உண்ணும் முறையிலும் பாதிப் பலன் அடங்கியிருக்கிறது. கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். கீரையிலேயே அது இருந்தாலும் அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் போய்விடுவதால், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது நல்லது. கரோட்டின் உடலில் சேர எண்ணெயோ நெய்யோ வேண்டும். தாளிக்கும் நல்லெண்ணெயும் மேலே தூவும் தேங்காய்த் துருவலும் ருசிக்கு மட்டுமல்ல. பாசிப்பருப்பு சேர்த்தால் புரதம் கூடும். கேழ்வரகு மாவில் கீரையைப் பிசைந்து தட்டும் அடையை நம் ஆத்தாமார் கண்டுபிடித்த சத்துணவு என்றே சொல்வேன். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. வயதான பெண்ணின் எலும்புக்கும் வளரும் பிள்ளையின் எலும்புக்கும் அந்த அடை நல்ல துணை.

கீரையின் இரும்பை வீணாக்கும் பழக்கம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறோம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கொய்யாப் பழம் தின்னலாம். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் மூட்டை மூட்டையாக விளையும் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தைவிட மூன்று, நான்கு மடங்கு. முருங்கைக்கீரையும் ஆயக்குடிக் கொய்யாவும் ஒரே மாவட்டத்தில் விளையும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது.

கீரையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. கீரை மட்டும் அதை நிரப்பாது. கம்பு, பயறு, முட்டை, மீன், கறி என்று தட்டு முழுவதும் மாற வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வளரிளம் பெண்களுக்குப் பள்ளியிலும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. குடற்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் எந்தக் கீரையும் உதவாது. புழு நீக்க மாத்திரையும் தேவை, வெளியே போகும்போது காலுக்குச் செருப்பும் தேவை. முருங்கை சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைத் தீர்க்கும் என்று சொல்பவர்களை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை அளவைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்துக்கு மாற்று அது ஆகாது. சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொடியை நாள்தோறும் சாப்பிடத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்தின் வேரையும் பட்டையையும் கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். சமைத்த கீரையைக் கர்ப்பிணிகள் பயமில்லாமல் உண்ணலாம்; ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் அதன் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரில் கேட்டால் கீரை சமைக்காததற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, ஆய்வதற்கு நேரமாகிறது. இரவில் இணுக்குகளைத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறியதும் இலை தானே உதிர்ந்துவிடும். ஆய்வது பெண்கள் வேலை என்று வீட்டு ஆண்கள் ஒதுங்காமல் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். இரண்டாவது, கம்பளிப்பூச்சி. மேலே பட்டால் அரிக்கும் என்று பயந்து வீட்டு மரத்தையே வெட்டிவிட்டவர்கள் பலர். பகலில் பூச்சிகள் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அப்போது தீப்பந்தம் காட்டி அழித்துவிடலாம். மரத்தை வானம் பார்க்க வளரவிடாமல், இடுப்பளவில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் பக்கத்தில் தழையும். கைக்கெட்டும் உயரத்தில் எப்போதும் கொழுந்து கிடைக்கும், பூச்சியும் கண்ணுக்குத் தப்பாது.

மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ராமச்சந்திரனும் 1947இல் நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கிராமத்துத் தாயின் நலத்தையும் குழந்தையின் நலத்தையும் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ரத்தசோகை இன்னும் தங்கியிருக்கக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. முருங்கை போட்டிருக்கும் விவசாயிகளே, காய் லாரி ஏறட்டும், நல்ல விலை கிடைக்கட்டும். கவாத்து செய்யும் நாளில் மருந்தடிக்காத கொழுந்தை ஒரு கட்டு வீட்டுக்கும், ஒரு கட்டு அங்கன்வாடிக்கும் அனுப்புங்கள். பள்ளித் தலைமையாசிரியர்களே, சுற்றுச்சுவர் ஓரம் நாலு போத்து நட்டால் சத்துணவுக் கூடத்துக்கு ஆண்டு முழுவதும் கீரை. தாய்மாரே, வாரத்தில் இரண்டு நாளாவது முருங்கைக்கீரை சமையுங்கள். ஆக்கியதை எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதை உண்ணும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ரத்தம் குறைந்திருப்பது உங்களுக்கும்தான். முதல் கரண்டி உங்கள் தட்டிலும் உங்கள் மகளின் தட்டிலும் விழ வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
லண்டன்