கழுகுமலைப் பாறையில் ஒரு வகுப்பு

சங்கரன்கோவிலில் இருந்து கிழக்கே போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், கொஞ்ச தூரத்திலேயே மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். ஊருக்கு மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. பருத்தி, உளுந்து, சோளம், மழை பொய்த்த இடங்களில் வெறும் வேலிக்கருவை. இரண்டுக்கும் நடுவே விசைத்தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர். அந்த ஊரின் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளோடும் அவர்களுடைய டீச்சரோடும் கழுகுமலைக்குப் போனேன். தூரம் சுமார் 20 கி.மீ.தான். ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பேர் அந்த மலையில் ஏறியதில்லை. அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலுக்குத் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வந்திருக்கிறார்கள், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

காலை வெயில் ஏறுமுன் அடிவாரத்தில் டீச்சர் பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தார். ஒருவர் முன்னால் போக வேண்டும். ஒருவர் கடைசியில் வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருவருக்குத் தண்ணீர்ப் பொறுப்பு, ஒருவருக்கு மணி பார்க்கும் பொறுப்பு, இன்னொருவர் கண்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“பதினோரு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பிச்சிரும். எந்த வழியா ஏறணும், எங்க நிக்கணும், எப்ப இறங்கணும், எல்லாம் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் பின்னாலதான் வருவேன். ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும்தான் வாயத் தொறப்பேன்” என்றார்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியில் அவர்களிடம் யாரும் எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை. சாகசக் கல்வி என்று உலகம் சொல்வதன் சாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கயிறு, தலைக்கவசம், பனிமலை எல்லாம் பிறகு. உண்மையான ஓர் இடத்தில், உண்மையான விளைவு உள்ள ஒரு முடிவைப் பிள்ளையின் கையில் கொடுப்பது. அதற்கு முன்னால் பெரியவர்கள் செய்ய வேண்டிய ஆயத்தத்தை முழுதாகச் செய்து வைப்பது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது கல்வி ஆகாது.

இதை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர் குர்ட் ஹான். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் சாலெம் பள்ளியை நடத்தினார். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைதாகி, பிரிட்டனுக்குப் போய், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார். 1941இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டோடு சேர்ந்து வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் ‘அவுட்வர்டு பவுண்டு’ பயிற்சியை ஆரம்பித்தார். ஹோல்ட்டின் மனத்தை உறுத்தியது ஒரு விஷயம். கப்பல்கள் குண்டடிபட்டு மூழ்கும்போது, உயிர்காப்புப் படகில் உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் சோர்ந்து இறந்துபோனார்கள். பாய்க்கப்பல் காலத்திலிருந்து கடலோடு பழகிய வயதானவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இளைஞர்களிடம் குறைவாக இருந்தது உடம்பின் பலம் அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. நம் நாட்டில் டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு ஆண்டே, 1954இல், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப் பயிற்சிக்கு டென்சிங்கே பொறுப்பேற்றார். ஆனால் கரிசல் காட்டுப் பிள்ளைக்கு டார்ஜிலிங் எட்டாத தூரம். கழுகுமலை எட்டும்.

மலையில் பாதி வழியில் ஒரு குழு நின்றுவிட்டது. சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைத் தளம் வரை வந்த ஒரு பெண், உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் சரிவைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டாள். கால் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

“ஏட்டி, இன்னும் கொஞ்சந்தான். கண்ண மூடிட்டு ஏறிரலாம், வா” என்றான் முன்னால் போன பையன்.

“கண்ண மூடிட்டா? ஒனக்கென்ன கோட்டியால?” என்றாள் கடைசியில் வந்தவள். “அவ வரலன்னா நாமளும் இங்கதான். எனக்குப் பின்னால ஆள் நிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க.”

நல்ல வாக்குவாதம் நடந்தது. டீச்சர் பத்தடி தள்ளி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. சாகசப் பயிற்சியில் உலகம் முழுக்க மதிக்கப்படும் ஒரு நெறி உண்டு: பயப்படுகிறவரைத் தள்ளக் கூடாது, கேலி செய்யக் கூடாது, எவ்வளவு தூரம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அந்த நெறியைக் கேள்விப்படாமலே அந்தப் பிள்ளைகள் அதற்கு வந்து சேர்ந்தார்கள். உச்சிக்குப் போவதில்லை, இங்கேயே இருந்து பார்ப்பது என்று முடிவானது.

இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது பெரிது. வெட்டுவான் கோயிலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமலே விட்ட கோயில் அது. சிற்பத் தளத்தில் நிதானமாக உட்கார்ந்தவர்கள் இந்த ஐந்து பேர்தான். பாறை முகம் நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை. கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள், யார் யார் செய்துவைத்த திருமேனி என்று. குறிப்பெடுக்கும் பையன் எழுத்துகளைப் பார்த்து வரையத் தொடங்கினான். அப்போதுதான் டீச்சர் அருகில் வந்து உட்கார்ந்து, அந்தக் கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் இருப்பதைச் சொன்னார். அவர்களுக்கு மாணவர்கள் இருந்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே பாறையில், கூரையில்லாத இடத்தில், பெண்கள் ஆசிரியர்களாக மதிக்கப்பட்டிருக்கிறார்கள். கால் நடுங்கிய பெண் எழுந்து போய் அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். வெட்டவெளிக் கல்வி எங்கிருந்தோ நமக்கு இறக்குமதியானது என்று நினைப்பவர்களை இந்தப் பாறைக்கு அழைத்து வர வேண்டும்.

இறங்கியதும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த தடவை என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். முன்னால் போன பையன் தரையைப் பார்த்தபடி, “எனக்கு உச்சிக்குப் போணும்னு ஆச, டீச்சர். அதனால அவ முகத்தையே நான் பாக்கல” என்றான். வேறு யாரும் அதற்கு எதுவும் சொல்லவில்லை. இப்படி உட்கார்ந்து பேசாமல் நேராகப் பேருந்தில் ஏற்றியிருந்தால் அன்றைக்குப் பாதிப் பாடம் மலையிலேயே தங்கியிருக்கும்.

ஆயத்தம் இல்லாத சாகசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். மார்ச் மாதம், மழை கண்டிராத காய்ந்த புல், சரிவு. அந்த மலையில் எந்த மாதம் எதற்கு ஆகாது என்பது அங்கே மாடு மேய்ப்பவருக்கும் தெரிந்த சங்கதி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் குடித்தது. அருவி இருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் சேர்ந்து வருவது, இரைச்சல் தடிப்பது, இந்த அடையாளங்களைக் குற்றாலத்தை அடிக்கடி பார்க்கும் தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூட எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல இதையும் மனப்பாடமாக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

குரங்கணிக்குப் பிறகு பலரும் சொன்ன தீர்வு, காட்டுக்குள் யாரையும் விடாதே என்பது. வனத்துறை வேறு வழியும் யோசித்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலைப்பாதைகளை முறைப்படுத்தி, உள்ளூர் மக்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்தார்கள். குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிக்கான பாதையும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அதன் கட்டணம் பெரிய தொகை என்பதால், அரசுப் பள்ளிகளுக்கென்று தனி நாட்களை இலவசமாக ஒதுக்கினால் இன்னும் நல்லது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஏற்கெனவே இருக்கிறது. கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவதோடு அதை முடித்துவிடாமல், ஒரு நாள் கண்மாயைச் சுற்றி நடந்து அதன் மடை, கலிங்கு எங்கே இருக்கின்றன, வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று வரைபடம் போடச் சொல்லலாம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கண்மாய்க்குக் குறைவில்லை.

சில வாரம் கழித்து, செண்பகாதேவிப் பயணத்துக்காகக் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தறிப்பட்டறையிலிருந்து நேராக வந்த ஒருவர், சட்டையில் பஞ்சுத் தூசியோடு எழுந்து, “டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. பிள்ளைக்கு அடிகிடி பட்டா யார் பொறுப்பு?” என்று கேட்டார். டீச்சர் கோபப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். போகும் தேதி, முந்தின மூன்று நாள் மழை பெய்தால் பயணம் ரத்து, வழிகாட்டியின் பெயர், வண்டி எங்கே நிற்கும், தென்காசி அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், முதலுதவி படித்த ஆசிரியர்கள் யார் யார், எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது. அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு, “இதுல எம்மவ பேருக்கு நேரா ‘கடைசியில வர்றவ’ன்னு போட்டிருக்கே, அது என்னது டீச்சர்?” என்றார். டீச்சர் விளக்கினார். அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.