தூரைப் பார்க்கும் கண்

பேராவூரணியை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் சிற்றன்னையின் வீட்டுக் கொல்லையில் நின்ற பதினேழு தென்னைகளுள் ஒன்று மட்டை தொங்கி வாடுகிறதென்று சென்ற வைகாசியில் கடிதம் வந்தபோது, அதைக் கோடையின் கொடுமையென்றே நிச்சயித்து, தினந்தோறும் வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்ச்சும்படி நான் எழுதிவிட்டேன். அந்த யோசனை எத்தனை தீங்கானது என்பது, ஆடி மாதத்தில் அங்கே போய், நாற்பது ஆண்டுகளாக அவ்வட்டாரத்தில் மரமேறிவரும் பெரியவர் ஒருவரோடு ஒரு காலைப்பொழுதைக் கழித்த பிறகே எனக்குப் புலனாயிற்று.

தளைக்கயிறும் அரிவாளுமாக வந்த அவர் மரத்தில் ஏறவில்லை. தொலைவில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, சிற்றன்னையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்த மட்டை மொதல்ல போச்சு ஆச்சி?”

அக்கேள்வியில் அவருடைய சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. நடுக்குருத்து வாடி, இழுத்தால் துர்நாற்றத்துடன் கையோடு வந்துவிடுமானால் அது குருத்தழுகல். விரிந்த ஓலைகள் கத்தரித்ததுபோல் விசிறி வடிவில் வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. உள்மட்டைகள் மஞ்சளித்து, தண்டில் துளை விழுந்து, மென்று துப்பிய நாரும் பழுப்பு நீரும் வழியுமானால் சிவப்புக் கூன்வண்டு. அப்போது மரத்தில் காதை வைத்தால் உள்ளே புழு கறும்பும் ஓசைகூடக் கேட்கும். இங்கோ முதலில் தொங்கியவை அடிமட்டைகள். உச்சிக்குருத்து இன்னமும் பச்சையாகவே நின்றது.

“மண்டையைப் பாத்தது போதும் தம்பி, தூரைப் பாருங்க” என்று சொல்லி அவர் மண்டியிட்டார். தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தண்டின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிந்து, மேலே காய்ந்தும் உள்ளே பிசுபிசுத்தும் இருந்தது. அரிவாளின் பின்புறத்தால் அவர் தட்டிக்கொண்டே சுற்றிவர, மூன்று பக்கம் கெட்டியாக ஒலித்த மரம், கிழக்குப் பக்கத்தில் மட்டும் வெற்றுப்பானைபோல் ஒலித்தது. அவருடைய மருமகன் அங்கே மண்ணைப் பறித்து எடுத்துக்கொடுத்த வேர், விரலால் அழுத்தியதும் நனைந்த அட்டைபோல் நொறுங்கிற்று. நான் அனுப்பிவைத்த தண்ணீர் இந்த வேருக்கு எவ்வாறு பிரயோசனப்பட்டிருக்க முடியும்? அது செய்த காரியமெல்லாம், நோயுற்ற மண்ணை அடுத்த மரங்களின் தூர்வரை சுமந்து சென்றதுதான்.

1952-இல் தஞ்சைப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர்பெற்ற இவ்வியாதி, கானோடெர்மா என்னும் காளானால் உண்டாவது. பட்ட மரத்தின் தூரிலும் அது ஜீவித்திருந்து, மண்வழியே வேரிலிருந்து வேருக்குப் பரவுகிறது. இங்கே அந்தத் தூர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கொல்லையின் பாதி மரங்களைச் சாய்ப்பதற்கு முந்திய ஆண்டே பட்டுப்போன ஒரு தென்னையின் அடிக்கட்டை, வேலியோரம் தோண்டப்படாமல் கிடந்தது. அதன் பக்கத்தில், மேலே அரக்குப் பூசியதுபோல் மினுமினுத்து, அடியில் வெளுத்திருந்த காளான் ஒன்று சிப்பிபோல் விரிந்திருந்தது. அதைக் கண்டதும் பெரியவர் எங்களை ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லாமல் தம் மருமகனிடம் கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

வாடிய மரத்தை வெட்டி, இரண்டு தூர்களையும் வேரோடு தோண்டி எரித்தாயிற்று. சுற்றியிருந்த நான்கு மரங்களுக்கு, மரமொன்றுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும், 40 லிட்டர் போர்டோக் கலவையும் தூரில் இட வேண்டுமென்றார். நூறு லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் என்ற கணக்கில், இரண்டையும் தனித்தனியே கரைத்து, நீலக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கிய மருமகன், தீட்டிய இரும்புக் கத்தியொன்றை அதில் சற்றுநேரம் நனைத்து எடுத்தான். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தது. மேலும் ஒரு பிடி சுண்ணாம்பு சேர்த்தான். மறுமுறை கத்தி வெள்ளையாகவே வந்தது.

மரத்துக்கு இவ்வளவென்று ஏறுகூலி உண்டு. ஏறாமல் நின்று பார்த்துச் சொல்வதற்கு அந்த ஊரில் கூலி வழக்கமில்லை. கிளையற்றதும் ஒற்றைக் குருத்தையே உயிராக உடையதுமான ஒரு விருட்சத்தை, தண்டில் பட்ட காயம் ஒருநாளும் மூடாத சுபாவமுடையதை, இத்தனை சிரத்தையோடு படித்தறிந்த கண்ணுக்கு இந்த வழக்கம் பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன். நான் வற்புறுத்திக் கொடுத்ததையும் அவர் மருமகன் கையிலேயே கொடுக்கச் சொன்னார்.

புறப்படுமுன் எஞ்சிய பதினாறு மரங்களையும் அரிவாளால் தட்டிக்கொண்டு போனார். பதினோராவது மரத்தில் நின்று, திரும்பவும் அதே இடத்தில் தட்டி, குனிந்து காதை வைத்தார்.