எட்டுக்கு ஏழு

சீட்டுக் குலுக்கியபோது எங்கள் குழுவுக்கு விழுந்தது சாமான் அறை. மற்றக் குழுக்களுக்கு மண்டபம், படுக்கையறை, குசினி என்று நல்ல இடங்கள். எங்களுக்கு எட்டு அடி நீளம், ஏழு அடி அகலம், கிழக்குப் பக்கம் ஒரு யன்னல். "இதுக்குள்ள நாலு பேரும் ஒண்டா நிண்டா மூச்சு விட ஏலா" என்று என் தோழி அங்கேயே சொல்லிவிட்டாள்.

உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கும் நாங்கள் நடத்திய மாதிரி இல்லத்தை உங்களில் பலர் வந்து பார்த்திருப்பீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருவர், தன் மகளுக்கென்று கட்டி முடித்த வீட்டைக் கல்யாணத்துக்கு முன் மூன்று நாட்களுக்கு எங்களிடம் தந்தார். ஒவ்வொரு குழுவும் ஓர் அறையைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும். நுழைவுச்சீட்டு 100 ரூபா. சேரும் பணம் எங்கள் கல்லூரித் தங்கை ஒருத்தியின் வீட்டுக் கூரைக்கு. அந்தத் தங்கை யாரென்று டீச்சர் எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. கேட்கவும் விடவில்லை.

யோசனை டீச்சருடையது. நியூயோர்க்கில் கிப்ஸ் பே என்ற சிறுவர் சிறுமியர் கழகத்துக்காக 1973இல் இப்படியொன்றைத் தொடங்கினார்களாம். பெரிய வீடொன்றின் அறைகளை வடிவமைப்பாளர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்குவார்கள். அவர்களிடம் பட்டும் பளிங்கும் இருக்கும். எங்களுக்கு ஒரு குழுவுக்கு 5000 ரூபா. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தூக்கி வர வேண்டியதுதான்.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அறையைக் காகிதத்தில் வரைந்தோம். கட்டில், மேசை, அலுமாரி எல்லாவற்றையும் அதே கணக்கில் மட்டையில் வெட்டி, காகிதத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஆறடிக்கு இரண்டரை அடிக் கட்டில் ஒன்றே அறையின் கால்பங்கைத் தின்றுவிட்டது. கதவு உள்ளே திறப்பதால் அது சுழலும் இடத்தில் ஒரு கதிரைகூட வைக்க முடியாது. வீட்டுக்காரரிடம் கேட்டு, ஓடாவியாரைக் கொண்டு கதவைக் கழற்றிவிட்டு, மருதமுனைக் கைத்தறித் துணியில் திரை போட்டோம். அடுத்து முசல்லா. எங்கள் பகுதியில் கிப்லா நேர் மேற்கல்ல, சற்று வடக்கே சாய்ந்தது. வீடுகளோ வீதிக்கு நேராகக் கட்டப்பட்டவை. முசல்லாவை விரித்தால் சுவருக்குச் சரிந்துதான் கிடக்கும். சரிந்து கிடக்கும் முசல்லா நேராகக் கிடப்பதைவிட எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது மட்டையை வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எல்லாம் முடிந்து, இளஞ்சிவப்பு நிறமும் சரவிளக்கும் கண்ணாடியுமாக ஓர் "இளம்பெண்ணின் அறை" தயாரானது, காகிதத்தில். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மம்மாவிடம் காட்டினேன். வெற்றிலை வட்டாவைத் தள்ளி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தா.

"இதுல ஆரு மனே இரிக்கப் போற?"

"ஒரு பொண்ணு, உம்மம்மா."

"ஆர்ர பொண்ணு? பேரு என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மம்மா சிரிக்கவில்லை. வட்டாவைத் திரும்ப இழுத்துப் பாக்கு வெட்டத் தொடங்கிவிட்டா.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது உம்மம்மா எங்கள் உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. கொடுத்த பிறகு அவ வளவின் பின்பக்கத்து அறைக்குப் போய்விட்டா. எங்கள் கரைப்பக்கம் முழுக்க இதுதான் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீடு, தாய்க்குப் பின் அறை. வருகிற நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ராத்தாவுக்குக் கல்யாணம். அப்போது இந்த வீடு ராத்தாவுடையதாகும். உம்மா, வாப்பா, நான் மூவருக்கும் பின்னால் இரண்டு அறை கட்ட அத்திவாரம் போட்டாயிற்று.

அன்று இரவு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உம்மம்மாவின் அறைக்குப் போனேன். பிறந்த நாள் முதல் போய்வரும் அறை, ஆனால் அதன் அளவு எனக்குத் தெரியாது. எட்டரைக்கு ஏழு. எங்கள் சாமான் அறையைவிட அரை அடிதான் கூட.

கட்டில் வழமையானதைவிட உயரம். நான்கு கால்களுக்கும் கீழே பலகைத் துண்டு வைத்திருந்தா. பதிவான கட்டிலில் இருந்து எழும்ப முழங்கால் விடாது. தொழுவதற்குக் கைபிடியுள்ள கதிரை. அதே கதிரையில்தான் சாப்பாடு, அதே கதிரையில்தான் வெற்றிலை. குர்ஆன் வைக்கும் பலகை கதிரையில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் சுவரில் அறைந்திருந்தது. கட்டில் காலிலிருந்து வாசல்வரை சுவரோரமாக ஒரு கயிறு. கரண்ட் இல்லாத இரவில் தஹஜ்ஜுதுக்கு எழும்பினால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் வுழூ எடுப்பா. அந்தக் கயிற்றில் நான் சின்ன வயதில் ஊஞ்சல் ஆடி அடி வாங்கியிருக்கிறேன். அது எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, கூரையை ஒட்டி ஒரு தட்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, நான் பிறப்பதற்கு முன், கடல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். பெட்டகத்தில் இருந்ததெல்லாம் நாசம். மேல் தட்டில் இருந்த காணி உறுதியும் மூத்தவாப்பாவின் ஒரு போட்டோவும்தான் மிஞ்சின. இன்றும் முக்கியமானதெல்லாம் மேலேதான். எடுத்துக் கொடுக்க யாராவது வர வேண்டும். அதற்கென்றே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவா.

மறுநாள் குழுவில் பெரிய சண்டை. கிழவி அறை பார்க்க யார் 100 ரூபா கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சரவிளக்கு வாங்கிவிட்ட தோழி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் டீச்சர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கயிறு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னா. சரவிளக்கு யன்னலுக்கு மேலே போனது. அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று நாளும் கூட்டம் மண்டபத்திலும் படுக்கையறையிலும்தான். எங்கள் அறையில் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களே அதிகம். ஆனால் வயதான பெண்கள் உள்ளே வந்தால் வெளியே போவதில்லை. கதிரையில் இருந்து பார்ப்பார்கள், கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். பின்னால் வரிசை தேங்கும். ஒரு பெரியம்மா ஓடாவியாரின் நம்பரை வாங்கிப் போனா. பாடசாலைத் தங்கைமார் வரும்போதெல்லாம், இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று என் மனம் தேடியது. தேடக் கூடாது என்று தெரிந்தும் தேடியது.

கடைசி நாள் வாப்பா உம்மம்மாவை ஓட்டோவில் கூட்டி வந்தார். தன் அறையைப் பார்த்து என்ன சொல்லப் போகிறா என்று நாங்கள் நால்வரும் வாசலில் நின்றோம். கட்டிலில் இருந்தா. பலகையைத் தொட்டுப் பார்த்தா. கயிற்றைக் கண்டு வாயை மூடிச் சிரித்தா. பிறகு யன்னல் பக்கம் திரும்பினவதான். வெளியே இரண்டு தென்னை, ஒரு மதில், அதற்கு அப்பால் வெட்டை.

"கடல் சத்தம் கேக்குது மனே" என்றா.

அஸர் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. பின்னால் நின்றவர்களிடம் என் தோழி, சரவிளக்குக்காரிதான், "கொஞ்சம் பொறுங்க, எங்கட உம்மம்மா இரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உம்மம்மாவின் அறையிலும் யன்னல் உண்டு. அளந்தபோது இரண்டரை அடிக்கு மூன்றடி என்று என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். அது எதைப் பார்த்திருக்கிறது என்று எழுதவில்லை. அடுத்த வளவைப் பிரித்துக் கட்டியபோது எழும்பிய சுவர், யன்னலில் இருந்து ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உம்மம்மா அதைத் திறப்பதே இல்லை. ஏன் திறப்பதில்லை என்று அளவு நாடாவோடு போன நானும் கேட்கவில்லை.

கூரைக்குத் தேவையான பணம் அல்ஹம்துலில்லாஹ் சேர்ந்தது. தகரம் வாங்கியாயிற்று என்று டீச்சர் சொன்னா.

அன்று இரவு புதுக் காகிதத்தில் எங்கள் பின்வளவை வரைந்தேன். கட்டப்போகும் இரண்டு அறைகளில் கிழக்கே யன்னல் வருவது எனக்கென்று சொன்ன அறையில். அதில் உம்மம்மாவின் கட்டில், கதிரை, பலகை, கயிறு, தட்டு எல்லாவற்றையும் மட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். முசல்லாவுக்கும் இடம் வந்தது. சுபஹுக்குப் பிறகு வாப்பாவிடம் கொடுத்தேன்.

"அப்ப நீ எங்க?" என்று கேட்டார்.

உம்மம்மாவின் பழைய அறையைக் காட்டினேன். வாப்பா நெடுநேரம் பார்த்தார். மேசன் இன்னும் யன்னல் மட்டத்துக்கு வரவில்லை என்றார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து, சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.