காற்று இருக்கு, பிரேக் இருக்கா?

லாரி டிரைவரிடம் "பிரேக் எப்படிண்ணே?" என்று கேட்டால் அநேகமாக டயலைத்தான் காட்டுவார். "ஏர் ஃபுல்லா இருக்கு தம்பி, பாத்துக்கோ." நாமக்கல்லில் ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போன நாட்களில் இதைத் தினமும் கேட்டேன். டயல் பொய் சொல்லாது. ஆனால் அதற்குத் தெரிந்தது டேங்க்கில் உள்ள காற்று மட்டுமே. சக்கரத்தில் நடப்பது தெரியாது.

காரில் பிரேக் லூஸானால் பெடல் கீழே போகும், காலே சொல்லிவிடும். ஏர் பிரேக்கில் லைனிங் தேய்ந்தாலும் பெடல் அதே பெடல்தான். ஆகவே வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். (ஆட்டோமொபைல்காரன் சட்டை ஏன் இப்படி என்று சிவில் நண்பர்கள் இனிக் கேட்க வேண்டாம்!)

ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத்தான் அளக்கணும். அதனால் முதலில் சக்கரங்களுக்குக் கட்டை. டேங்க்கில் 100 பவுண்டு காற்று ஏற்றி, என்ஜினை நிறுத்தி, புஷ் ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கிளீனர் பெடலை மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். 30-ம் நம்பர் சேம்பரில் ராடு மொத்தமே 2½ அங்குலம்தான் ஓடும். 2 அங்குலம் தாண்டினாலே பட்டறை வேலை உண்டு.

மீதி அரை அங்குலம் இருக்கிறதே என்று தோன்றும். இறக்கத்தில் அதுதான் உயிர். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கை விட்டு விலகும். ராடு இன்னும் நீள வேண்டும். நீள இடமில்லையென்றால் அத்தனை காற்றும் சேம்பருக்குள்ளேயே முட்டி நிற்கும், டிரம்முக்குப் போய்ச் சேராது.

பெங்களூரிலிருந்து காலியாக வந்த ஒரு வண்டியில் பின்சக்கரத்தில் கோடு 2½ அங்குலத்துக்கே வந்துவிட்டது. டிரைவர் குனிந்து பார்த்தார். "இதோடதான் தொப்பூர் கணவாய் இறங்கினேனுங்க" என்றார். அப்புறம் டீ குடிக்கக்கூடப் போகவில்லை, எல்லாச் சக்கரமும் முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

சரிசெய்வது எளிது. ஸ்லாக் அட்ஜஸ்டரில் ஸ்பேனர் போட்டு, லைனிங் டிரம்மைத் தொடும்வரை திருகி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் டைட் வைத்தால் அதுவே சுமையெல்லாம் வாங்கிச் சூடாகும்.

புதிய வண்டிகளில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் வருகிறது. அதையும் சிலர் ஸ்பேனரால் திருகி அனுப்புகிறார்கள். எங்கள் மேஸ்திரிக்கு அது அறவே பிடிக்காது. "தானா புடிக்கலைன்னா வேற எங்கியோ கோளாறு தம்பி. திருகிவிட்டா அது ஒளிஞ்சுக்கும்" என்பார். அப்படி வந்த ஒரு வண்டியைப் பிரித்தபோது கேம் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.