ஒரே பிளேடு, ஒரே சோப்பு

முகச்சவரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். சங்கத்தின் பத்திரிகையில் எழுதுவதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்கச் சோப்பு நுரையில் பேனாவைத் தோய்ப்பானேன் என்றும் கேட்கலாம். ஆயினும், சென்ற ஆண்டு நாம் கற்ற பாடங்களுள் பெரியதொன்றைக் கற்பித்தது ஓர் அங்குல அகலமும் இல்லாத ஓர் எஃகுத் தகடுதான். ஆகவே எழுதத் துணிந்தோம்.

கும்பகோணத்தில் தனித்து வாழ்ந்த நம் தந்தையாரைச் சென்ற ஐப்பசியில் தில்லிக்கு அழைத்து வந்தோம். அவருக்கு வயது 82. உடல்நலத்தில் பெரிய குறையொன்றும் இல்லை. கைகள் மட்டும் நடுங்கத் தொடங்கியிருந்தன. 1964ஆம் ஆண்டு முதற் சம்பளத்தில் வாங்கிய சேப்டி ரேசரைக் கொண்டு நாள்தோறும் தாமே சவரம் செய்துகொண்டவர் அவர். அந்தக் கை இனி ரேசரைப் பிடிக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

தெருமுனையிலுள்ள முடிதிருத்தும் கடைக்கு அவரை அனுப்பி வைத்தோம். அங்கேதான் வந்தது வினை. தந்தையாருக்கு இந்தி தெரியாது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. திரும்பி வந்தவரின் முகத்தைக் கண்டு திகைத்துப் போனோம். ஐம்பது ஆண்டுகளாக இருந்த மீசையைக் காணவில்லை.

“ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன், எடுத்துவிட்டான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர்மேல் குற்றம் சொல்வதற்கும் இல்லை. உடன் செல்லாதது நம் பிழை.

அன்றிலிருந்து தந்தையார் தாடி வளர்க்கத் தொடங்கினார். மின்சார ரேசர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தளர்ந்த தோலை அது இழுத்துக் கிள்ளியது. ஒரே நாளில் ஒதுக்கிவிட்டார். வெளியில் உலாவப் போவதையும் நிறுத்தினார். ஒரு நாள் மாலை, “பொங்கலுக்கு எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடு” என்றார். ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அன்றிரவே, அவருடைய ரேசரை நாமே கற்றுக்கொண்டு அவருக்குச் சவரம் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதலில் நம் முகத்தில் பழகுவோம். கை தேறிய பின்னர் அவர் முகத்தைத் தொடுவோம் என்பது ஏற்பாடு.

இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பயன்படுத்தியது பல அலகுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசர். அதில் கோணத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். எப்படி அழுத்தினாலும் பெரிய தீங்கு நேராது. பழைய சேப்டி ரேசர் அப்படிப்பட்டதன்று. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி ஆகிய மூன்றே உறுப்புகள். இடையில் இருபுறமும் கூரான ஒரு பிளேடு. வேலையெல்லாம் கையினுடையது.

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், கூர்மழுங்கினால் சாணை பிடிக்காமல் மாற்றிவிடத்தக்க மெல்லிய பிளேடைப் பற்றி 1895ஆம் ஆண்டு எண்ணத் தொடங்கினார். அத்தனை மெல்லிய எஃகைப் பதப்படுத்த இயலாது என்று வல்லுநர்கள் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர் வழி கண்டார். 1903ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியபோது அவ்வாண்டு முழுவதும் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டில் ரேசர் விற்பனை 90,000ஐக் கடந்தது. இன்று கடையில் வாங்கும் இருபுறப் பிளேடு தந்தையாரின் பழைய ரேசரிலும் பிசகாமல் பொருந்துகிறது, வடிவம் மாறவில்லை.

நம் பயிற்சிக்கு வருவோம். முதல் நாள் மூன்று இடங்களில் வெட்டு. பிளேடு சரியில்லை என்று வேறொன்று வாங்கினோம். மறுநாள் எரிச்சல். சோப்பு சரியில்லை என்று குழம்பு ஒன்று வாங்கினோம். அலுவலக நண்பர் ஒருவர் பிரஷைக் குறை கூறினார், அதையும் மாற்றினோம். ரேசரே பழசு என்றார் இன்னொருவர். சதர் பஜாருக்குப் போய்ப் புதியதும் வாங்கினோம். மூன்று வாரத்தில் ஐந்து வகைப் பிளேடுகள், இரண்டு குழம்புகள், ஒரு சோப்பு, இரண்டு பிரஷ்கள், இரண்டு ரேசர்கள் சேர்ந்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்! ஒரு நாள் நன்றாக அமையும். எதனால் அமைந்தது என்று தெரியாது. மறுநாள் இரத்தம் வரும். எதனால் வந்தது என்றும் தெரியாது.

நம் முகத்தில் ஒட்டிய காகிதத் துணுக்குகளைப் பல நாள் பார்த்துப் பொறுத்திருந்த தந்தையார் ஒரு நாள் வாய் திறந்தார். அவர் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏண்டா, கணக்கு உதைத்தால் நாங்கள் எல்லாப் பக்கத்தையுமா அடித்துத் திருத்துவோம்? சரியென்று வைத்துக்கொண்டதைத் தொடமாட்டோம், மிச்சத்தைத்தான் பார்ப்போம். நீ தினம் எல்லாவற்றையும் மாற்றுகிறாய். தப்பு எங்கே என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒரு பிளேடு, ஒரு சோப்பு. ஒரு மாதம் அதையே வைத்துக்கொள். அப்புறம் மாறுவது உன் கை ஒன்றுதான்.”

அவருடைய பழைய ரேசர், நம் நாட்டில் செய்த ஒரு வகைத் துருப்பிடிக்காத பிளேடு, ஒரு சோப்பு, ஒரு பிரஷ் ஆகியவற்றை மட்டும் வெளியில் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம்.

முதல் வாரத்திலும் வெட்டு நிற்கவில்லை. ஆயின் ஒன்று புலனாயிற்று. நாள்தோறும் ஒரே இடத்தில், இடத் தாடையின் அடியில்தான் வெட்டு விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தோம். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி, கழுத்தில் பக்கவாட்டில் வளர்ந்திருந்தது. முடி வளரும் திசையறியாமல் எதிர்த்து இழுத்தது நம் தவறு. திசையை அறிந்து அதன்வழியே இழுத்ததும் அவ்வெட்டு நின்றது.

இரண்டாம் வாரம் நுரையைக் கவனித்தோம். எவ்வளவு குழைத்தாலும் நிமிடத்தில் வற்றிப் போயிற்று. நம் குடியிருப்பின் ஆழ்குழாய் நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடி நுரையைக் கெடுத்துவிடும். குடிப்பதற்கு வடிகட்டிய நீரில் ஒரு கிண்ணம் எடுத்துச் சுடவைத்துக் குழைத்தோம்; நுரை தயிர்போல் நின்றது. மாற்றியது நீரொன்றே, ஆகவே காரணமும் அதுவே என்பதில் ஐயமில்லை. முன்புபோல் மூன்றை மாற்றியிருந்தால் சோப்பையல்லவா பாராட்டியிருப்போம்!

மூன்றாம் வாரம் கைக்குப் பாடம். பழைய பழக்கத்தால் அழுத்திக்கொண்டேயிருந்தோம். பித்தளை ரேசருக்குத் தன் எடையே போதும். மேல்மூடியைக் கன்னத்தில் படியவைத்து, கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினால், ஏறத்தாழ 30 பாகையில் பிளேடு முடியைத் தொடும். மெல்லிய அரவம் கேட்கும். அந்த அரவமே வழிகாட்டி. இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, சிறு சிறு வீச்சாக இழுக்கவேண்டும். ஒருமுறை முடியின் வழியே, வேண்டுமானால் மீண்டும் நுரை பூசி ஒருமுறை குறுக்கே. கற்கும் காலத்தில் எதிர்த்து இழுத்தல் வேண்டா. முடிவில் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதும்.

ஒரு பிளேடை ஐந்து சவரத்திற்குமேல் வைத்துக்கொள்வதில்லை. முடியைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆயினும் வளைந்த முடி சாய்ந்த கோணத்தில் மோதும்போது விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்வதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு நுண்ணோக்கியில் கண்டு வெளியிட்டனர். மெல்லியதும் விடாது மோதினால் வன்மையைச் சிதைக்கும் போலும்.

கழித்த பிளேடுகளைக் குப்பையில் எறிவது பெரும்பாவம். குப்பை பிரிப்பவர் கையை அது பதம் பார்த்துவிடும். பழைய டப்பா ஒன்றின் மூடியில் கீறலிட்டு அதனுள் போட்டுவைத்தல் நன்று. விமானத்தில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பிளேடைக் கைப்பையில் வையாதிருப்பார்களாக, பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள்.

நான்காம் வாரம் ஒரு நாளும் இரத்தம் வரவில்லை. தந்தையார் நம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தேறிவிட்டாய்” என்றார். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எதுவும் அவர் உட்கொள்ளவில்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

நம் சங்கத்தின் பொங்கல் விழா நாளன்று காலை, பால்கனியில் வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டு அவரை அமர்த்தினோம். வெந்நீர்த் துணியால் தாடியை நனைத்து, கத்தரியால் குறைத்து, நுரை பூசினோம். அவர் கண்களை மூடிக்கொண்டார். நம் நெஞ்சு அடித்துக்கொண்டது, கை அடித்துக்கொள்ளவில்லை. அதே ரேசர், அதே பிளேடு, அதே சோப்பு. புதியது அம்முகம் ஒன்றே. தளர்ந்த தோலை விரலால் நீவிப் பிடித்து, முடியின் வழியே ஒருமுறை மட்டும் இழுத்தோம். மீண்டும் வளர்ந்திருந்த மீசையின் அருகே வந்ததும் நின்று கேட்டோம்.

“மீசை இருக்கட்டுமா, அப்பா?”

“இருக்கட்டும்” என்றார். தமிழில் கேட்டதற்குத் தமிழில் விடை.

முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “காதோரம் கொஞ்சம் நிற்கிறது” என்றார். நாம் மீண்டும் ரேசரை எடுக்கக் கையால் தடுத்தார். “போதும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.”

அன்று விழாவில் முன்வரிசையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டவர் அவரே. டிக்கெட் பேச்சை அதன்பின் அவரும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. தகரப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.