தலைக்கு என்ன போடுறீங்க?

கோயில் மடப்பள்ளியில காய் நறுக்கும்போதும் சரி, பேக்டரி கேன்டீன்லயும் சரி, எங்ககிட்ட அடிக்கடி கேட்பாங்க: "அக்கா, தலைக்கு என்ன போடுறீங்க?"

தேங்காய் எண்ணெயில கருவேப்பிலை போட்டுக் காய்ச்சுறோம். நரைக்கு டை அடிக்கிறோம். எதையும் மறைக்கிறதில்லை. ஆனா "இதைப் போட்டா வளரும்"னு மட்டும் சொல்ல மாட்டோம். எங்க முடி எங்க அம்மாமார் கொடுத்தது.

போன மாசம் ஒரு தங்கச்சி தனியா கூப்பிட்டுக் கேட்டுச்சு. டிங்கி வந்து 3 மாசம், முடி கொத்துக்கொத்தா கொட்டுதாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. கடுமையான காய்ச்சலுக்கு 2, 3 மாசம் கழிச்சு இப்படிக் கொட்டுறது உண்டு, பெரும்பாலும் திரும்ப முளைச்சிடும்னு சொன்னோம். 6 மாசம் தாண்டியும் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டச் சொன்னோம்.

உங்ககிட்ட யாராச்சும் கேட்டா, எண்ணெய் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி, ஏன் கேக்குறாங்கன்னு கொஞ்சம் விசாரிங்க.